தானா இறங்கட்டும்

கல்லாற்றில் எங்கள் கராச்சுக்கு
முன்னால் கடல், பின்னால் வாவி.
இரண்டு பக்கத்து உப்பும்
எந்த இரும்பைத் தின்னலாம் என்று
இரவெல்லாம் சுற்றி வரும்.
அதனால் விடிந்ததும் முதல் வேலை
ஸ்பிரிங் அமுக்கியின் தண்டைத் துடைப்பது.
பழைய சாரத்துண்டு, ஒரு சொட்டு எண்ணெய்.
முகம் தெரியும் அந்தக் குரோமியத்தில்
ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும்,
ஏறி இறங்கும் ஒவ்வொரு தரமும்
உள்ளே சீலை அறுக்கும்.

சுவரில் நாட்காட்டி தொங்குவது ஆணியில் இல்லை.
பஞ்சிகாவத்தையிலிருந்து இந்த மெஷின் வருமுன்,
இரண்டு கொக்கியும் ஒரு ஸ்பானரும்
கொஞ்சம் கடவுளுமாக
நான் வேலை செய்த நாளில்
வழுக்கிப் பறந்த போல்ட் துண்டு அது.
காதோரம் போனது.
மயிர் கருகிய மணம் வந்தது என்பேன்,
கோசலன் நம்பமாட்டான்.

புதன்கிழமை, எஸ்தர்மலர் மிஸ்ஸின் வேகன் ஆர்.
பாலத்தில் ஏறினால் டொக், இறங்கினால் டொக்.
பத்தரைக்குத் துறைநீலாவணையில் கிளினிக்,
பிள்ளைத்தாய்ச்சிமார் காத்திருப்பார்கள் என்று
வாங்கில் இருந்தபடி
மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

கழற்றினேன். ஸ்டாண்டில் பூட்டினேன்.
இரண்டு நகமும் ஒரே வளையத்தில், எதிரெதிரே.
கூண்டுக் கதவை மூடினேன்.
மிதி.
இன்னும் ஒரு மிதி.
ஆசனத்தில் ஸ்பிரிங் தளர்ந்து
விரலால் தட்டினால் சுற்றும் வரை.
அதற்கு முன் நடு நட்டில் ஸ்பானர் வைக்கிறவன்
என்னிடம் வேலைக்கு வர வேண்டாம்.
வைக்கும்போதும் அதற்கு நேரே முகம் வேண்டாம்.

நட்டு கழன்றது.
ஷொக் அப்சோபர் கீழே உருவி வந்தது.
வில் மட்டும் கூண்டுக்குள்
ஒரு நாம்பன் மாட்டுப் பாரத்தை
மடக்கி வைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கண்டேன்.
யாரும் தொடாமலே நகம் நகர்கிறது.
அரை விரல்.
பிறகு ஒரு விரல்.
தரையில் எண்ணெய்.
அந்த நிறம் எனக்குத் தெரியும்.

போயா அன்று கடைகள் பூட்டு.
தாங்கியில் எண்ணெய் குறைவு.
ஒரு நாளைக்குத்தானே என்று
அரைப் போத்தல் பிரேக் ஒயில் ஊற்றியது நான்.
ஊற்றாதே என்று சிவப்பு மையால் எழுதி
மெஷினில் ஒட்டியதும் நான்.

கோசலன் பிடிக்கப் பாய்ந்தான்.
'கையை எடுடா!'
குரல் என்னுடையதாக இல்லை.
கழற்றிய நட்டு அவன் கையில்,
திரும்பப் பூட்டப் போனானாம்,
பூட்ட அங்கே எதுவும் இல்லை.

வாங்கிலிருந்து மிஸ் சொன்னா,
எத்தனையோ பிரசவ அறைகளில்
சொல்லிப் பழகிய குரலில்:
'கதவு பூட்டித்தானே இருக்கு?
பிறகென்ன. அமத்தாதீங்க, இழுக்காதீங்க.
தானா இறங்கட்டும்.'

மூன்று பேரும் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம்.
றோட்டில் அக்கரைப்பற்று பஸ் போனது.
மீன்காரரின் ஹோர்ன்.
நகம் மேலே, மேலே,
வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில்
வெளிச்சம் அகலமாகிக்கொண்டே வந்தது.
கடைசியில் பாரம் விட்டு
வில் கூண்டில் சாய்ந்து
கரண்டி கோப்பையில் பட்டதுபோல ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.
என் முதுகு சேட்டோடு ஒட்டியிருந்தது.

மிஸ் ஓட்டோ பிடித்துப் போய்விட்டா.
நான் எண்ணெயை வடித்து, சிலிண்டரைத் திறந்து,
சீலை வெளியே எடுத்தேன்.
தண்ணியில் ஊறின அப்பளம்போல
ஊதி, கொழுத்து, விரலில் மசிந்தது.

'யாரு ஊத்தின?'
கோசலன் தன் கையைத்தான் முதலில் பார்த்தான்,
தானாக இருக்குமோ என்று.
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.
முழுநிலா படம் போட்ட அந்தக் கட்டம்.
அதற்கு மேலே அந்த போல்ட்.
சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை.
பின்னேரம் கணக்குக் கொப்பியைத் திறந்தபோது
அவனுடைய கோணல் எழுத்து:
சீல் செட் ஒன்று. ஹைட்ரோலிக் ஒயில் இரண்டு லீற்றர்.
காற்று எடுத்து, வெறுமனே பத்துத்தரம் மிதித்துப் பார்க்கவும்.
வேகன் ஆர், நாளைக்கு.
மிஸ்ஸின் ஓட்டோக் காசு
முதலாளியின் பெயரில்.